தண்ணீர் வந்த துக்கம் விசாரித்து

ஓசூர்,
ஆடி மாதம், வெள்ளிக்கிழமை.

வேப்பனப்பள்ளி எண்ணெய்ச் சீமானும், மாந்தோப்புக்குச் சொந்தக்காரரும், கடவுளும் தாங்களும் மனது வைத்தால் எனக்குச் சம்பந்தியாகப் போகிறவருமான உயர்திரு சென்னப்பன் அவர்களுக்கு, ஓசூரில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு ஒரு பெண்ணைப் பெற்றுவிட்ட சௌந்தரராஜன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும், என் மனைவி ராஜலட்சுமியும், தங்கள் வீட்டுக்கு மருமகளாக நிச்சயம் செய்த எங்கள் மகள் பொற்கொடியும் நலம். அங்கு தாங்களும், சம்பந்தியம்மா பூவம்மாள் அவர்களும், மாப்பிள்ளை அன்புமணியும், தோட்டத்தில் வெட்டுப்படாமல் தப்பித்த மாமரங்களும், பூமிக்கு அடியில் தங்களுக்காகவே காத்துக் கிடக்கும் பெட்ரோல் டீசல் வகையறாக்களும் நலமாக இருக்க எல்லாம் வல்லவனை வேண்டுகிறேன்.

நிற்க. தங்கள் தோட்டத்தில் போட்ட போரில் நல்ல தண்ணீர் வந்துவிட்ட துக்கத்தை நான் இன்னும் முறையாக விசாரிக்கவில்லை. அன்றைக்கு நேரிலேயே நின்றிருந்தேன்தான். ஆனால் வாயைத் திறந்தால் சிரித்துவிடுவேனோ என்ற பயத்தில் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். என் தோள் குலுங்கியதைப் பார்த்து நான் அழுகிறேன் என்று நினைத்துவிட்டீர்கள். "அழுவாதீங்க சம்மந்தி, அடுத்த போர்ல எண்ணெ வந்துரும்" என்று என் முதுகைத் தடவிக் கொடுத்தீர்கள். அந்தப் பெருந்தன்மையை நான் மறக்க மாட்டேன். நம் மாவட்டத்தில் ஆயிரம் அடி போட்டும் புழுதியைத் தவிர வேறொன்றும் வராமல், போர் வண்டிக்காரனைக் கும்பிட்டபடி நிற்கிற விவசாயிகளைத்தான் இதுவரை பார்த்திருக்கிறேன். இரண்டு இஞ்ச் தண்ணீர் பீய்ச்சி அடித்ததைப் பார்த்து, "போச்சே, தண்ணி வந்துட்ச்சே!" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்த விவசாயியை அன்றுதான் பார்த்தேன்.

ஆனால் நேற்று போனில் தாங்கள் சொன்னதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆவணியில் வைத்த கல்யாணத்தைத் தைக்குத் தள்ளியாகிவிட்டது, ஓசூர் மண்டபத்தையும் வேண்டாமென்று சொல்லியாகிவிட்டது, எண்ணெய் வந்த பிறகு பெங்களூரில் பெரிய இடமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றீர்கள். எண்ணெய்க் குடும்பத்துக் கல்யாணத்துக்கு ஓசூர் மண்டபத்தில் கார் நிறுத்த இடம் போதாதாம். இப்போதைக்குத் தங்களிடம் இருப்பது ஒரு டிவிஎஸ் வண்டி. பொற்கொடியும் அன்புமணியும் ஒரே கம்பெனியில் ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்து, பழகி, அவர்களாகவே முடிவெடுத்து, சாத்தூர்க்காரனான என்னையும் வேப்பனப்பள்ளிக்காரரான தங்களையும் ஒரே பந்தியில் உட்கார வைக்கப் பட்ட பாடு அவர்களுக்குத்தான் தெரியும். அந்தக் கல்யாணம் இன்றைக்குத் தங்கள் போர்க் குழிக்குள் விழுந்து கிடக்கிறது. எனக்கு வயிறு எரிகிறது. அதனால்தான் இத்தனை மரியாதையாக எழுதுகிறேன்.

இந்த வியாதி எங்கே தொற்றியது என்பதைத் தாங்கள் மறந்திருக்கலாம். கல்யாணத்துக்கு வீட்டை வெள்ளையடிக்கலாமென்று பரணைக் காலி செய்தீர்கள். அங்கே தங்கள் தாத்தா, காலஞ்சென்ற வக்கீல் கங்கப்பன் அவர்களின் காகிதங்கள் ஒரு சதுரத் தகர டின்னில் கிடைத்தன. கங்கப்பன் அவர்கள் வெள்ளைக்காரன் காலத்தில் கிருஷ்ணகிரி கோர்ட்டில் வக்கீல், அதோடு ஜில்லா போர்டு மெம்பர். சீமை எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் மாட்டு வண்டியில் டின் டின்னாக எண்ணெய் ஏற்றிவந்து ஊருக்கு ஊர் விற்கத் தொடங்கிய காலம் அது. காகிதங்களைப் பார்க்க என்னையும் வரச் சொன்னீர்கள். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் இருந்து ரிட்டயரானவன், எதையும் சோதித்துக் கையெழுத்துப் போடுவான் என்ற நம்பிக்கை. நான் வந்தபோது பெங்களூரில் மனை விற்கிற தங்கள் தங்கை மகன் ஜெகதீஷ் ஒரு தாளை மூக்கில் வைத்துக்கொண்டிருந்தார். "மாமா, வாசனெ பாருங்க. பேப்பரே எண்ணெ வாடை அடிக்குது" என்றார். தாங்கள் முகர்ந்தீர்கள். அக்கம்பக்கத்தார் முகர்ந்தார்கள். நானும் முகர்ந்தேன், பொய் சொல்லக் கூடாது. நாலெழுத்துப் படித்த அத்தனை பேரும் காகிதத்தை முகர்ந்துகொண்டிருந்தோமே தவிர, அதைப் படித்துப் பார்க்கலாம் என்ற யோசனை வெகுநேரம் ஒருவருக்கும் வரவில்லை.

பிறகு படித்தோம். தங்கள் தாத்தா சாமானியரில்லை, அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஒரு தாளின் முன்பக்கத்தில், சீமை எண்ணெய்க் கம்பெனிக்காகக் கோர்ட்டில் வாதாடக் குறிப்பு எழுதியிருக்கிறார்: விளக்கெண்ணெய் விற்கிற உள்ளூர் வியாபாரி ஒருவன், கம்பெனி எண்ணெயை எரித்தால் கண் அவிந்துபோகும் என்று சந்தையில் தமுக்கடித்துச் சொல்கிறான், அவனைக் கோர்ட்டார் தடுக்க வேண்டும் என்று. அதே தாளின் பின்பக்கத்தில் தேர்தல் மேடைக்குப் பேச்சு எழுதியிருக்கிறார்: கம்பெனி எண்ணெய் வந்து நம் ஆமணக்கு விவசாயிகளின் வயிற்றில் அடிக்கிறதே, இதைக் கேட்பாரில்லையா என்று. காலையில் கம்பெனிக்கு வக்கீல், சாயங்காலம் விவசாயிக்குத் தோழர். காகிதம் மட்டும் ஒன்று, சிக்கனமான மனிதர். அந்தப் பேச்சின் கடைசியில், "எனக்கு ஓட்டுப் போட்டால் வேப்பனப்பள்ளி மண்ணில் எண்ணெய் ஆறாக ஓடச் செய்வேன்" என்று முடித்திருந்தார். ஆமணக்கு எண்ணெயைத்தான் சொன்னார், அதுவும் ஓட்டுக்காகச் சொன்னார். தாங்கள் அந்த வரியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டீர்கள். ஒரு அரசியல்வாதியின் தேர்தல் வாக்குறுதியை நம்பித் தரையில் துளை போட்டவர் இந்தத் தேசத்திலேயே தாங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள்.

அடுத்து வந்ததுதான் எங்கள் குடிகெடுத்த தாள். "வேப்பனப்பள்ளித் தோட்டம். கிணறு ஒன்று. கிருஷ். ஆயில். நாளொன்றுக்கு நாலு காலன்." அதற்குக் கீழே இருந்த வரி கறைபட்டு அழிந்திருந்தது. ஜெகதீஷ் எழுந்து நின்றுவிட்டார். "கிருஷ்ணகிரி ஆயில்! மாமா, தாத்தா கம்பெனியே வெச்சிருந்தாரு! அப்பவே தெனம் நாலு காலன் எடுத்திருக்காரு!" என்று கத்தினார். அந்த நாலு காலனும் நேராக என் பெண் கல்யாணத்தின் மேல்தான் வந்து உட்காரப் போகிறார்கள் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் தாங்கள் சேர்மன், ஜெகதீஷ் மேனேஜிங் டைரக்டர். மாப்பிள்ளைக்கும் ஒரு பதவி கொடுத்தீர்கள். அவர், "எனக்கு நாளைக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டுப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார்.

அந்த நேரத்தில்தான் சம்பந்தியம்மா காப்பித் தட்டோடு வந்தார்கள். கூடமே மறுபடியும் காகிதத்தை முகர்ந்துகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "என்னாத்துக்கு எல்லாரும் அத்த மோந்து பாக்கறீங்க? கரையான் அரிக்காம இருக்கட்டும்னு எங்க மாமியா வருஷா வருஷம் அந்த டின்னுக்குள்ள கிருஷ்ணாயில் தெளிப்பாங்க. அவங்க போனப்புறம் நான் தெளிக்கறன்" என்றார்கள். எங்கள் சாத்தூர்ப் பக்கம் அதைச் சீமெண்ணெய் என்போம். கம்பெனியில் கெரசின் என்பார்கள். அதனால் அந்தச் சொல் காதில் விழுந்தபோதுதான் எனக்கு உறைத்தது. கிருஷ். ஆயில் என்றால் கிருஷ்ணகிரி ஆயில் இல்லை சம்பந்தி, கிருஷ்ணாயில்! தங்கள் தாத்தா கிணற்றில் தண்ணீர் இறைக்க ஆயில் இன்ஜின் வைத்திருந்தார். அது தினம் நாலு காலன் கிருஷ்ணாயில் குடித்தது. கிணறு கொடுத்த எண்ணெய் இல்லை, கிணற்றுக்குக் கொடுத்த எண்ணெய். இதை அங்கேயே, அப்போதே, காப்பி ஆறுவதற்குள் சொன்னேன். தாங்கள் நிதானமாக ஒரு வாய் குடித்துவிட்டு, "செரி சம்மந்தி. அந்தக் கிருஷ்ணாயிலு எங்கருந்து வருது?" என்று கேட்டீர்கள். பூமிக்குள்ளிருந்து என்றேன். "எங்க தோட்டமும் பூமிதான?" என்றீர்கள். ஜெகதீஷ் கைதட்டினார். என் சர்வீஸில் எத்தனையோ சப்ளையர்களுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். தங்களிடம் மட்டும் காலி டம்ளரைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தேன்.

அதற்குப் பிறகு நீரோட்டம் பார்க்கிற சின்னராஜ் அவர்களை வரவழைத்தீர்கள். உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடப்பார், தேங்காய் எழுந்து நின்றால் அங்கே தண்ணீர். நல்ல மனிதர்தான். எண்ணெய்க்கு எப்படிப் பார்ப்பீர்கள் என்று கேட்டேன். கொஞ்சமும் தயங்காமல், "தேங்காய்க்கு எண்ணெ தடவிக்கினா செரியாப் போச்சுங்க" என்றார். சம்பந்தியம்மாவிடம் நல்லெண்ணெய் வாங்கித் தடவிக்கொண்டார். எண்ணெய் தடவிய தேங்காய் கையில் நிற்குமா? நாலடிக்கு ஒரு தரம் வழுக்கி விழுந்தது. விழுந்த இடத்திலெல்லாம் எண்ணெய் இருக்கிறதென்று ஜெகதீஷ் குச்சி நட்டுக்கொண்டே போனார். கடைசியில் இரண்டு செந்தூரா மாமரங்களுக்கு நடுவில் விழுந்து தேங்காய் உடைந்தது. பிள்ளையாரே உத்தரவு கொடுத்துவிட்டார் என்றீர்கள். போர் வண்டி உள்ளே வர வழி வேண்டுமென்று காய்க்கிற அந்த இரண்டு மரங்களையும் வெட்டினீர்கள். அந்த மரத்துப் பழத்தைத்தான் சம்பந்தியம்மா நிச்சயத்தன்று என் பெண் மடியில் வைத்தார்கள். அன்றைக்கு எனக்கு நிஜமாகவே மனது கஷ்டப்பட்டது, அதில் கிண்டல் ஒன்றுமில்லை.

போர் போட்ட நாளைப் பற்றி எழுத என் பேனாவுக்குத் தகுதி போதாது. திருச்செங்கோட்டுப் போர் வண்டி வந்து நின்றது. தோட்டத்தில் பந்தல் போட்டிருந்தீர்கள், ஜெகதீஷ் ஒரு மாலையோடு தயாராக நின்றார். பக்கத்து நிலத்துக் கோவிந்தப்பன் உட்பட ஊரே வேலியோரம் கூடியிருந்தது. முந்நூறு அடி போயிருக்கும், திடீரென்று ஒரு சத்தம், கறுப்பாக ஒரு பீய்ச்சல், சின்னராஜ் தலையிலிருந்து கால்வரை எண்ணெய். "வந்துட்ச்சு! வந்துட்ச்சு!" என்று தாங்கள் அவரைக் கட்டிப்பிடித்தீர்கள். பட்டாசு வெடித்தது. ஜெகதீஷ் அந்த மாலையைத் தங்களுக்குப் போடுவதா, போர் வண்டிக்குப் போடுவதா என்று தெரியாமல் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டார். மாப்பிள்ளை அருகில் போய் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "அப்பா, இது வண்டியோட ஹைட்ராலிக் ஆயில். ஹோஸ் பொத்துக்கிச்சு" என்றார். வண்டிக்காரரும் அதையே சொல்லி, ஓட்டைக் குழாயைத் தூக்கிக் காட்டினார். நம்பினீர்களா? "எங்க எண்ணெதான் அவங்க குழாய்ல ஏறிக்கிச்சு" என்றீர்கள். ஹோஸை மாற்றிக்கொண்டு மேலும் துளைத்தார்கள். சாயங்காலம் அந்தப் பேரிடி விழுந்தது. தண்ணீர். தெளிந்த, தித்திப்பான தண்ணீர். கோவிந்தப்பன் வேலியைத் தாண்டி ஓடி வந்து இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தார். அவர் இதுவரை போட்ட போர்களில் அவருக்குக் கிடைத்தது தும்மல் மட்டும்தான்.

அந்தத் தண்ணீரைத் தாங்கள் என்ன செய்தீர்கள் என்று என் நண்பர்களிடம் சொன்னால், என்னைத்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகப் பார்க்கிறார்கள். தண்ணீர் போய் எண்ணெயில் கலந்துவிடுமென்று குழாய் வாயில் இரும்பு மூடி போட்டு வெல்டிங் வைத்துவிட்டீர்கள். வைத்துவிட்டு, வாடுகிற மாமரங்களுக்கு டேங்கர் லாரியில் தண்ணீர் வாங்கி ஊற்றுகிறீர்கள். அந்த லாரி தினமும் அந்த மூடியைச் சுற்றிக்கொண்டுதான் போகிறதாம். இரண்டாவது போருக்கு ஏற்பாடு செய்யத் தாங்களும் ஜெகதீஷும் பெங்களூர் போகிறீர்கள் என்றும் கேள்விப்பட்டேன். நல்லபடியாகப் போய் வாருங்கள். வழியில் பெட்ரோல் பங்க் எதையாவது பார்த்தால், நம் சொந்தக்காரர்கள் என்று நினைத்து இறங்கிவிடாதீர்கள்.

முடிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் வாழ்நாளெல்லாம் பழுதான சாமானுக்குச் சிவப்புச் சீட்டு ஒட்டியவன். இந்த எண்ணெய்ச் சமாச்சாரத்துக்கும் ஒட்டிவிட்டேன். பேராசை என்பது எங்கள் குடும்பத்தில் கிடையாது. இல்லாத எண்ணெய்க்கு நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு அலைகிற வழக்கம் எங்கள் பரம்பரையில் யாருக்கும் இல்லை. ராஜலட்சுமி நேற்றிலிருந்து அடுப்படியில் பாத்திரத்தைப் போட்டு உடைக்கிறாள். "அவுககிட்ட நீங்க நறுக்குன்னு நாலு வார்த்தை எழுதுங்க, பிள்ளை மூஞ்சியைப் பாக்க முடியல" என்கிறாள். பொற்கொடி போனோடு மொட்டை மாடிக்குப் போய்விடுகிறாள். ஆவணியில் கல்யாணம் உண்டா, இல்லையா? உண்டென்றால் மண்டபத்துக்குத் திரும்பச் சொல்லுங்கள். இல்லையென்றால் நிச்சயத் தட்டைத் திருப்பிக் கொடுக்க நான் தயார். எண்ணெய்க் குடும்பத்துக்குச் சரிசமமாக நிற்க எங்களுக்கு வசதியும் இல்லை, மூளைக் கோளாறும் இல்லை.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கங்கள். மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம். சேர்மன், மேனேஜிங் டைரக்டர் மற்றும் தேங்காய் நிபுணர் ஆகியோருக்கு என் அனுதாபங்கள். பூமாதேவி தங்களுக்கு நல்ல புத்தியைக் கொடுக்கட்டும். அவள் கொடுத்தது தண்ணீர் என்பதற்காக அதையும் மூடி போட்டு அடைத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தியா இல்லையா என்று தெரியாத
சௌந்தரராஜன்

பின்குறிப்பு: மாமா, இதை எழுதுவது பொற்கொடி. தபாலில் போடச் சொல்லி அப்பா கொடுத்து மூன்று நாளாகிறது. பிரித்துப் படித்துவிட்டேன், சோதிக்காமல் எதையும் வெளியே அனுப்பக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். இதைப் படித்து நீங்கள் மனம் நொந்துவிடாதீர்கள். ஹோஸ் வெடித்த அன்று அப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தது நிஜம். இன்னொரு கையில் தண்ணீர் பாட்டில் இருந்ததை அன்புமணி பார்த்திருக்கிறார். அதில் தண்ணீரைக் கொட்டிவிட்டு, சிந்திய எண்ணெயை வழித்துப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். அது இப்போது எங்கள் வீட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது. ஸ்கூட்டருக்கு ஆயில் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். எங்களிடம் ஸ்கூட்டர் கிடையாது. தினமும் குளித்துவிட்டு வந்து மூடியைத் திறந்து ஒரு தரம் முகர்கிறார். அதுமட்டுமல்ல, உங்கள் தோட்டத்தை ஒட்டியிருக்கிற கோவிந்தப்பன் மாமாவின் அரை ஏக்கருக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார். ரிட்டயராகிவிட்டதால் காய்கறி போடத்தானாம். அவரிடம் அப்பா கேட்ட ஒரே கேள்வி, "இந்த இடத்துல முந்நூறு அடிக்குக் கீழ யாருக்குப் பாத்தியதை?" என்பதுதான். கோவிந்தப்பன் மாமா அதை நம் பூவம்மாள் அத்தையிடம் சொல்லி, அத்தை என்னிடம் சொல்லி, இருவரும் போனிலேயே சிரித்து முடித்துவிட்டோம்.

மண்டபத்துக்காரர் நீங்கள் வேண்டாமென்று சொன்னதும் அன்புமணிக்குத்தான் போன் செய்தார். அவர் வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஆவணி முகூர்த்தம் அப்படியே இருக்கிறது, பத்திரிகை அச்சில் இருக்கிறது. நீங்கள் பெங்களூரில் இருந்த இந்த இரண்டு நாளில் அன்புமணி லீவு போட்டுப் போர் மூடியை அறுத்து எடுத்து, மோட்டாரும் இறக்கிவிட்டார். கரன்ட் பெட்டிச் சாவியை எடுத்துக் கொடுத்தது அத்தைதான். மீதி மரங்களுக்கெல்லாம் தண்ணீர் பாய்ந்து, மிச்சம் வேலியைத் தாண்டி கோவிந்தப்பன் மாமா நிலத்துக்கும் போகிறது. அப்பா சந்தோஷப்படுவாரென்று நினைத்து இதை இப்போதுதான் அவரிடம் சொன்னேன். அவர், அம்மா அடுப்படியில்தான் இருக்கிறாள் என்று எட்டிப் பார்த்துக்கொண்டு, என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்: "தண்ணிக்கு மேல எதாச்சும் மினுமினுன்னு மிதக்குதாம்மா?"